மூன்று கை, ஒரு வண்டி
(அத்தியாயம் 14)

பாறை மேல் பைக் ஏற்றுகிறவன் பிளாஸ்டிக் ஸ்டூலிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். ஸ்ரீபெரும்புதூரில் ரகுநந்தனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் பத்து நாளாக இதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒட்டடை அடிக்கப் போனவன். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம்.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஓரகடத்துக்கு அப்பால், கல் எடுத்து முடித்துச் சும்மா கிடக்கும் குவாரியில் ட்ரையல்ஸ் போட்டி. ஓர் அணிக்கு மூன்று பேர். ரகு, அவனோடு ஒரே லைனில் வேலை செய்யும் ஐயனார், இசக்கிபாண்டி. ஒரு வருஷத்து ஞாயிறுகளை மூன்று பேரும் இதற்கே கொடுத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் இல்லையென்றால் மற்ற இரண்டு பேரும் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஐயனார் எங்கேயோ ஓர் ஆளைப் பிடித்திருந்தான். அந்த ஆளுக்காகத் தன் வண்டியைத் தயார் செய்ய, விடியற்காலை ஐந்தரைக்கே ரகு கொல்லைப்புற ஷெட்டுக்குப் போனான்.

வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. அறுபத்தெட்டு கிலோதான். சீட் கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். வேகத்துக்கான வண்டியும் இல்லை. பாறை, பள்ளம், ஈரச் சரிவு எதுவானாலும் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறி இறங்குவதற்கென்றே செய்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும்.

கேனில் மூன்று லிட்டர் பெட்ரோல் இருந்தது. லிட்டருக்கு இருபது மில்லி என்று ஆயிலை அளந்து ஊற்றிக் குலுக்கினான். ஒற்றைக் கையால் அதைச் செய்வதற்குள் வியர்த்துவிட்டது.

கிளட்ச் லீவரைத் தொட்டதும் கை நின்றது.

லீவர் அவன் வைத்த இடத்தில் இல்லை. கைப்பிடிக்கு இன்னும் கிட்டத்தில், கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. சின்னக் கை உள்ள யாரோ தனக்கு வாகாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

ஏர் ஃபில்டரைத் திறந்தான். அவன் அதைக் கழுவி ஒரு மாசம் ஆகிறது. உள்ளே இருந்த ஸ்பாஞ்சு நேற்றுத்தான் கழுவிப் பிழிந்து எண்ணெய் தடவியதுபோல் இருந்தது. குனிந்து அடித்தகட்டைப் பார்த்தான். புதுசாக வெள்ளைக் கோடுகள். பாறைக் கீறல் இல்லை. சிமென்ட்.

ஃபோன் அடித்தது. ஐயனார்.

"அண்ணே, மோசம் போச்சுண்ணே. நாம சொல்லி வச்ச ஆளுக்கு ஓ.டி. போட்டுட்டாங்க. சூப்பர்வைசர் விட மாட்டேங்காரு."

"அது கிடக்கட்டும். என் வண்டியை எடுத்து ஓட்டினது நீதானே?"

"நானா? எப்பண்ணே?"

"லீவரை யாரு மாத்தினா? அடித்தகடு பூரா சிமென்ட் கீறல். எங்கேடா கொண்டுபோய் ஏத்தினே?"

"அண்ணே, எங்கம்மா மேல சத்தியமா நான் இல்லண்ணே!"

"அவனைத் திட்டாதே. ஃபோனை வை."

பின்னால் அம்மா வரலக்ஷ்மி காபி டம்ளருடன் நின்றிருந்தாள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குரலில் இன்னும் கவுன்ட்டர் கண்டிப்பு போகவில்லை.

"உன் வண்டியை ஓட்டறவ உள்ளே தலை பின்னிண்டிருக்கா."

ரகுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"விழியா?"

"ஆத்துல வேற யாருடா தலை பின்னிக்கறா? நீயா?"

பாதிப் பின்னலோடு அவன் மனைவி வேல்விழி வாசற்படியில் வந்து நின்றாள். விளாத்திகுளத்துப் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு வயர் கட்டுகிற லைனில் வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம். அவள் முகத்தில் பயமும் சிரிப்பும் சேர்ந்தே இருந்தன.

"எத்தனை நாளா?" என்றான் ரகு.

"மூணு மாசமா. லீவரை எப்பவும் பழையபடி திருப்பி வச்சிருவேன், போன தடவை மறந்துட்டேன். எனக்கு செகண்ட் ஷிஃப்ட் வாற வாரமெல்லாம். நீங்க கம்பெனி பஸ் ஏறுனதும் தள்ளிக்கிட்டுப் போயிருவோம்."

"போயிருவோம்னா?"

"நானும்தான்," என்றாள் வரலக்ஷ்மி. "பின்னாடி ப்ளாட் போட்டு விக்காம கிடக்கே, அங்கே பெரிய பெரிய சிமென்ட் பைப்பா இறக்கி வெச்சிருக்கான். அதுல ஏறுவா. நான் குடையைப் பிடிச்சுண்டு எத்தனை தடவை கால் வெச்சான்னு எண்ணுவேன்."

ரகு மாவுக்கட்டுக் கையை மறு கையால் பிடித்துக்கொண்டு பழைய டயரின் மேல் உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

வேல்விழி அருகில் வந்தாள். "மொத நாளு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. ஞாபகம் இருக்கா? பின்னாலயே ஓடி வந்து கிளட்ச்சு, த்ராட்டிலு, முட்டிய மடக்கு, தூரமாப் பாருன்னு ஒரு நிமிசத்துல நாப்பது சொன்னீங்க. நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் காலு தன்னால கீழ போயிருது, ரகு."

"அப்புறம் எப்படி..."

"ஒருநா ஃபில்டரைக் கழுவி மாட்டுனேன். சரியா வேலை செய்யுதான்னு பாக்கத்தான் ஏறுனேன். எறங்க மனசு வரல."

வரலக்ஷ்மி காபியை மகன் கையில் திணித்தாள்.

"ஐயனாருக்கு ஃபோன் போடு. மூணாவது ஆள் கிடைச்சாச்சுன்னு சொல்லு. தளிகையை முடிச்சுட்டேன், புளியோதரை கட்டியாச்சு. எட்டரைக்குள்ள பேர் கொடுக்கணுமோன்னோ?"

குட்டி யானை எனும் சின்ன லோடு வண்டி வாசலில் வந்து நின்றது. வண்டியை ஏற்றுவதற்காகக் கதவைத் திறந்த டிரைவர் கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா சார் இது, சீட்டே காணோம்? எங்க குந்துவ?"

"குந்தறதுக்கு இல்லைப்பா. நின்னுண்டே ஓட்டணும்," என்றாள் வரலக்ஷ்மி, முன் சீட்டில் ஏறியபடி. "கால் கீழே பட்டா ஒரு புள்ளி. ரெண்டு தடவைன்னா ரெண்டு. அதுக்கு மேல எத்தனை தடவை வெச்சாலும் மூணு. விழுந்தாலோ, எல்லை நாடாவைத் தாண்டிப் போனாலோ அஞ்சு. யாருக்குப் புள்ளி கம்மியோ அவா ஜெயிச்சா."

"கம்மியா எடுத்தா ஜெயிப்பா? நல்லா கீதே! நம்ம ஸ்கூல்ல இது மாதிரி வச்சிருந்தா நான் எங்கியோ போயிருப்பேன்மா."

பின்னால், கயிறு கட்டிய வண்டியின் இரு பக்கமும் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு கடந்தன. ஞாயிறானதால் கம்பெனி பஸ்கள் குறைவு. ரகு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். கோபம் என்று சொல்ல முடியவில்லை. தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு திருவிழா நடந்து முடிந்ததுபோல் இருந்தது.

வல்லம் தாண்டும்போது அவனால் பொறுக்க முடியவில்லை.

"அந்த ப்ளாட்ல ரெண்டடி பைப்பு கிடக்குமே... அதுல ஏறிடுவியா?"

வேல்விழி ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தட்டினாள். "ரெண்டடி மொத மாசமே ஏறிட்டேன். இப்ப மூணடி."

"மூணடியா? பொய்!"

"அத்தையக் கேளுங்க."

"பின் சக்கரம் வழுக்கலையா?"

"காத்தை எறக்கிட்டேன்லா. அஞ்சு பவுண்டுதான் வைப்பேன். டயரு அமுங்கிக் கல்லைப் புடிச்சுக்கிடும்."

ரகு அவளையே பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளில் முதல் சிரிப்பு. லாரிச் சத்தத்தையும் மீறி அது முன் சீட்டுவரை கேட்டது.

குவாரியின் பள்ளத்தில் ஆறு இடங்களில் நாடா கட்டி வழி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வழிக்கும் செக்‌ஷன் என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு நடுவர். இரண்டு சுற்று.

ஐயனாரும் இசக்கிபாண்டியும் ஓடி வந்தார்கள். "மதினி ஓட்டப் போறாங்களா!" என்று ஐயனார் வாயைப் பிளந்தான். "அண்ணே, காலையில என்னையப் போட்டு அந்தக் கிழி கிழிச்சீங்களே."

"மன்னிச்சுக்கோடா. புளியோதரையில உனக்கு ரெண்டு பங்கு."

முதல் செக்‌ஷன் எளிது. அங்கேதான் தப்பு நடந்தது. வேல்விழி உள்ளே நுழைந்ததும் ரகு நாடாவை ஒட்டி ஓடினான்.

"த்ராட்டில்! த்ராட்டில் குடு! முட்டி! முட்டியை மடக்கு விழி!"

ஒரு கால் கீழே போயிற்று. இன்னொன்று. மூன்றாவது. முழுசாக மூன்று புள்ளி.

அவள் வெளியே வந்ததும் வரலக்ஷ்மிதான் குடையை மடக்கி மகனை நோக்கி நீட்டினாள்.

"அதோ அந்தப் பாறை தெரியறதா? அதுக்குப் பின்னாடி போய் நில்லு."

முப்பது வயது ஆண்பிள்ளை, மறுபேச்சில்லாமல் போனான்.

அதற்கப்புறம் அவள் வேறு ஆள். இரண்டாவது செக்‌ஷனில் ஒரே ஒரு கால். மூன்றாவதில் சுத்தம். ஒற்றை விரலால் கிளட்ச்சைப் பிடித்தும் விட்டும், முன் சக்கரத்தை லேசாகத் தூக்கிக் கல் மேல் வைத்து, உடம்பை முன்னால் தள்ளிப் பின் சக்கரத்தை ஏற்றிக்கொண்டாள். வயர் கட்டுகிற கைக்கு அவசரம் இல்லாமல் வேகமாகச் செய்யத் தெரிந்திருந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை மட்டும் எட்டி எட்டிப் பார்த்தது.

முதல் சுற்று முடிந்தபோது ஏழு அணிகளில் அவர்கள் ஐந்தாவது. இரண்டாவது சுற்றில் ஐந்து செக்‌ஷன் முடிந்ததும் நான்காவது. ஆறாவதில் மூன்றாவதாக இருந்த அணி தடுமாறியதால், இப்போது இவர்களுக்கு அதைவிட இரண்டே புள்ளி குறைவு. கடைசிச் செக்‌ஷனில் வேல்விழி ஒருத்திதான் மிச்சம்.

அந்த ஆறாவது செக்‌ஷன்தான் எல்லோரையும் பயமுறுத்தியது. ஊற்று கசியும் சரிவு, அதன் முடிவில் இடுப்பளவு பாறை. முதல் சுற்றில் அங்கே வேல்விழி விழுந்து அஞ்சு வாங்கியிருந்தாள். போன வருஷம் ரகுவும் அதே இடத்தில்தான் விழுந்தான்.

செக்‌ஷன் வாசலுக்கு வந்தபோது இன்ஜின் இருமியது. வெள்ளைப் புகை கக்கி அணைந்தது. கிக்கரை உதைத்தாள். பேச்சில்லை.

நடுவர் சந்திரலேகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம் தரலாம்மா. அதுக்குள்ள நுழையலைன்னா அஞ்சு போட்டுடுவேன்."

பாறைக்குப் பின்னாலிருந்து ரகு ஓடி வந்தான். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை.

வேல்விழி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். மையில் முக்கி எடுத்ததுபோல் கறுத்து நனைந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"ஆயில் ஜாஸ்தி," என்றான் ரகு.

"காலையில நீங்க கேன்ல ஆயில் ஊத்துனீங்களா?"

"ஊத்தினேனே. லிட்டருக்கு இருபது."

"நேத்து சாயங்காலமே நான் ஊத்திட்டேன். லிட்டருக்கு இருபது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"இங்க என்ன சிரிப்பு? எட்டு நிமிஷம்தான் இருக்கு!" வரலக்ஷ்மி குடையால் தரையைத் தட்டினாள். "ஒருத்தருக்கொருத்தர் வாயைத் திறந்து சொல்லிண்டா இந்தக் குழப்பமெல்லாம் வருமா?"

"அவர்ட்ட சொல்லாதேன்னு சொன்னதே நீங்கதான அத்தை?"

"அது வேற விஷயம்."

அதன்பின் பேச்சில்லை, வேலைதான். அவன் வலது கையால் பெட்ரோல் குழாயை உருவிப் பிடிக்க, அவள் வண்டியைச் சாய்த்து டாங்கைக் காலி செய்தாள். ஐயனார் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த அணியிடம் ஓடினான். சென்னையிலிருந்து வந்த பிரவீனா என்ற பெண், போட்டியில் வேல்விழியைத் தவிர இருந்த ஒரே பெண், எதிரணி என்று பார்க்காமல் தன் கேனிலிருந்தே ஊற்றிக் கொடுத்தாள்.

"நாங்களும் லிட்டருக்கு இருபதுதான் கலக்கறோம். தைரியமா ஊத்துங்க," என்று சொல்லி அனுப்பினாள்.

பிளக் இல்லாமலே வேல்விழி நாலைந்து தடவை கிக்கரை உதைத்து, உள்ளே தேங்கியிருந்த ஈரத்தை வெளியேற்றினாள். ரகு புதுப் பிளக்கைப் பல்லால் உறை பிரித்து நீட்டினான். அவள் இரண்டு கை, அவன் ஒரு கை. ஒன்று பிடித்த இடத்தில் மற்றது முறுக்கியது. இப்படிச் சேர்ந்து இந்த வண்டியில் அவர்கள் வேலை செய்ததே இல்லை என்பது இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது உதைக்கு இன்ஜின் எழுந்தது. முதலில் கொஞ்சம் திணறி, பிறகு தெளிவாக.

"இன்னும் ரெண்டு நிமிஷம்," என்றாள் சந்திரலேகா.

வேல்விழி ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு ரகுவைப் பார்த்தாள். பாறைக்குப் பின்னால் திரும்பிப் போக நேரமில்லை.

"நான் திரும்பி நின்னுக்கறேன்," என்றான் அவன். "நீ போ."

சொன்னபடி செக்‌ஷனுக்கு முதுகைக் காட்டி நின்றான். எதிரே தூரத்தில் ஏதோ தொழிற்சாலையின் நீலத் தகரக் கூரை. அதையே பார்த்தான். காது மட்டும் பின்னால் இருந்தது.

இன்ஜின் மெல்லப் பொடபொடத்துக்கொண்டு போயிற்று. முதல் கியர். சரிவில் இறங்குகிறாள். சத்தம் ஒரு சீராக இருந்தது. பயந்தால் சத்தம் நடுங்கும். நடுங்கவில்லை. ஈரம் வந்துவிட்டது, டயர் ஒரு தரம் சுழன்று 'விர்'ரென்றது. ரகுவின் வலது கை தன்னையறியாமல் ஒரு கண்ணுக்குத் தெரியாத த்ராட்டிலைக் குறைத்தது. அவளும் குறைத்தாள்.

"ஒண்ணு," என்றாள் வரலக்ஷ்மி பக்கத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு.

ஒரு கால் ஊன்றிவிட்டாள். பரவாயில்லை. இன்னும் ஒன்று வைத்தால்தான் சமம்.

பிறகு இன்ஜின் சத்தம் தணிந்தது. பாறைக்கு முன்னால் நிற்கிறாள். நிற்கக் கூடாது, நின்றால் அஞ்சு. இல்லை, நிற்கவில்லை, ஊர்ந்துகொண்டிருக்கிறாள். ரகு கண்ணை மூடிக்கொண்டான். இங்கேதான் போன வருஷம் அவன் அவசரப்பட்டான்.

அவள் அவசரப்படவில்லை.

ஒரே ஒரு முறுக்கு. சுரீரென்று ஏறிய சத்தம் அந்தரத்தில் நின்றது. அடித்தகடு பாறையில் 'டங்'கென்று மோதியது. இன்ஜின் மூச்சு விட்டது. 

அடுத்து வந்தது பொடபொடப்பு. மேலே, பாறைக்கு மேலேயிருந்து.

"ஏறிட்டா! ரகு, ஏறிட்டாடா! ஒண்ணுதான், ஒண்ணே ஒண்ணுதான்!" வரலக்ஷ்மி குடையை வீசிவிட்டு ஓடினாள். ஐயனார் விசில் அடித்தான். குட்டி யானை டிரைவர் யாரென்று பார்க்காமல் பக்கத்தில் நின்றவரைக் கட்டிக்கொண்டார்.

ரகு திரும்பிப் பார்த்தபோது, பாறை உச்சியில் வண்டி மேல் நின்றபடியே வேல்விழி இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். வண்டி சாய்ந்தது. எல்லைக் கம்பைத் தாண்டியாகிவிட்டது என்பதால் விழுந்தது கணக்கில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு புள்ளி வித்தியாசத்தில் மூன்றாம் இடம். முதல் இரண்டு அணிகள் எங்கேயோ இருந்தன. அதைப் பற்றி இங்கே யாருக்கும் கவலையில்லை. உள்ளங்கை அகலத்துக் கோப்பையை இசக்கிபாண்டி குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு அலைந்தான்.

"அடுத்த தடவை நீ ஓட்டு," என்றான் ரகு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தபடி. "நான் வண்டியைப் பாத்துக்கறேன்."

"வண்டியையும் நான்தான் பாத்துக்கிடுவேன்."

"அப்போ எனக்கு என்ன வேலை?"

"கேன்ல ஆயில் ஊத்தாம இருக்கணும்."

அவன் கையிலிருந்த சோற்றை அப்படியே அவள் வாயில் ஊட்டினான். ஐயனார் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் வரலக்ஷ்மியின் கைப்பைக்குள் மருமகளின் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் அவளிடம் நீட்டினாள். திரையில் 'அப்பா' என்றிருந்தது.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன மாரிமுத்து, இரண்டு வருஷமாக மகளுக்கு ஒரு ஃபோன் போட்டதில்லை. அவள் போட்டாலும் எடுத்ததில்லை. வேல்விழி ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள். 

"எப்பா?"

"விழி..." அதே கரகரத்த குரல். "எங்கம்மா இருக்க?"

"கல்குவாரியில இருக்கேம்பா."

மறுமுனையில் ஒரு திகைப்பு. "கல்குவாரியிலயா? ஏட்டி, ஒன்னையக் கல்லு உடைக்கவா அனுப்பிருக்காவ?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இல்லப்பா... நல்லா இருக்கேம்பா. ரொம்ப நல்லா இருக்கேன். நீங்க எங்க இருக்கீங்க?"

"சிங்கப்பெருமாள் கோவில் டேசன்ல நிக்கேன். இங்கருந்து ஒங்க வீட்டுக்கு எந்த ஆட்டோல ஏறணும்?"

வேல்விழி எழுந்தேவிட்டாள். ரகு எழுந்தான். வரலக்ஷ்மி டிரைவரைக் கைதட்டிக் கூப்பிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

"அங்கனயே நில்லுங்கப்பா! எங்கயும் போவாதீங்க. நாங்களே வாறோம்!"

"சரிம்மா." அவர் தயங்கினார். "விழி, நான் தனியா வரல. கூட இன்னொரு ஆளும் இருக்கு."

"ஆரு? பெரியப்பாவா?"

ரயில் ஒன்று ஊதிக்கொண்டு கடக்கும் சத்தம். லைன் கட்டாகவில்லை. அப்பாதான் பேசவில்லை.

"ஆருப்பா?"

மறுமுனையில், ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.